நாய்களோடு ஜனவரியில் நீலகிரி: எங்கே தங்கலாம், எங்கே வண்டியை விட்டு இறங்கவே கூடாது

மதுரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கணவன், மனைவி, ஒரு லாப்ரடார், ஒரு சிப்பிப்பாறை, சொந்தக் கார். ஜனவரியில் ஒரு வாரம் நீலகிரி. அலாஸ்கா, கனடா பக்கம் நாய்களை ஏற்றிக்கொண்டு பனியில் ஓட்டி, வண்டியிலேயே படுத்து எழும் ஜோடிகளின் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்ததாம். அதே மாதிரி ஊட்டிக்கு வடக்கே கல்லட்டி, மசினகுடி, மாயாறு என்று காட்டுப் பக்கமாகவே சுற்றலாமா, இரவில் காரிலேயே தூங்கலாமா, குளிரை நாய்கள் தாங்குமா என்பது கேள்வி.

நேராகச் சொல்லிவிடுகிறேன். நாய்களோடு தாராளமாக வரலாம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வழி வேண்டாம், காரில் தூங்குவதும் வேண்டாம். நான் கோத்தகிரிப் பக்கம் குடியிருப்பவன், வீட்டில் எப்போதும் நாய் உண்டு. கீழே இருந்து நாயோடு வருகிற சிநேகிதர்களுக்கெல்லாம் இதைப் போனில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. உங்களுக்கு எழுத்தில், கொஞ்சம் நீளமாக.

அந்த வீடியோக்களில் வருவது வேறு உலகம். அலாஸ்கா நெடுஞ்சாலை 1942-ல், உலகப் போர் நேரத்தில் போட்ட பாதை. நீளம் சுமார் 2,200 கிலோமீட்டர். வழியில் ஆள் நடமாட்டமே இல்லாத காடு மணிக்கணக்காக ஓடும். மைனஸ் 30, 40 டிகிரி வரை இறங்கும் என்பதால் எஞ்சின் உறையாமலிருக்க இரவெல்லாம் காரை மின்சார பிளக்கில் மாட்டி வைக்கிறார்கள். அங்கே பயப்பட வேண்டியது குளிருக்குத்தான். நீலகிரியில் எவ்வளவு மோசமான இரவானாலும் விடியற்காலையில் சில மணி நேரம் பூஜ்ஜியத்தை ஒட்டியோ ஒன்றிரண்டு டிகிரி கீழேயோ போகும், அவ்வளவுதான். பத்து மணிக்கு வெயில் ஏறினால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். இங்கே நாய்க்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இருட்டியபின் தேயிலைத் தோட்டத்து ஓரம் ஏதாவது ஒன்று நின்றுகொண்டிருக்கும்: சிறுத்தை, கரடி, காட்டெருமை, சில பகுதிகளில் யானை. ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது எதைப் பார்க்கலாம் என்று தொடங்காமல், நாயை எங்கே இறக்கிவிடலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள். மற்ற முடிவுகள் அதிலேயே வந்துவிடும்.

முதலில் அந்த வடக்குப் பக்கம். ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு கடுமை. பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போய் விபத்துகள் நடந்ததால், வெளியூர் வண்டிகளை அந்த வழியாகக் கீழே இறங்க விடுவதில்லை. மசினகுடியிலிருந்து மேலே ஏறலாம், அவ்வளவுதான். கூடலூர் வழியாகச் சுற்றித் தெப்பக்காடு போனால் அது முதுமலைப் புலிகள் காப்பகம். அந்தச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. உங்கள் நாய்க்கு அவசரமாகச் சிறுநீர் வந்தாலும் அதே விதிதான். சஃபாரி வண்டியில் நாயை ஏற்ற மாட்டார்கள், காரிலேயே பூட்டிவிட்டுப் போகவும் முடியாது. அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர். அங்கே 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து இல்லை. ஆக, வடக்கே போனால் நாய்களைப் பொறுத்தவரை கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்திருக்கும் பயணம்தான் மிஞ்சும். மசினகுடியில் தங்கும் விடுதிகள் நிறைய இருக்கின்றன, நாயை அனுமதிக்கிறோம் என்று சொல்பவையும் உண்டு. இருந்தாலும் நாயோடு அங்கே தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுற்றிலும் யானைத் தடம்.

இதில் நம் நாயின் பாதுகாப்பு பாதி, காட்டின் பாதுகாப்பு மீதி. கீழே தடுப்பூசி சரியாகப் போடாத ஒரு நாய் கொண்டுவரும் டிஸ்டெம்பர் வைரஸ் செந்நாய்க்கும் தொற்றும், பெரும்பூனைகளுக்கும் தொற்றும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் குறுகிய காலத்தில் செத்தபோது அவற்றில் பலவற்றில் இந்த வைரஸ் இருந்தது. முதுமலை, செந்நாய்க் கூட்டங்கள் இன்னும் மிச்சமிருக்கும் காடு. வனத்துறைக்காரர் நாயைப் பார்த்து முகம் சுளித்தால் காரணம் இல்லாமல் இல்லை. புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஊசிகள் எல்லாம் நடப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஊசி அட்டையைக் காரிலேயே வையுங்கள், விடுதிகளில் கேட்பார்கள். குன்னூரில் வெறிநாய்க்கடிக்கான பாஸ்டியர் நிலையம் இருக்கிறது. 1907-ல் அது வருவதற்கு முன்பு வெறிநாய் கடித்தால் வைத்தியத்துக்கு இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்கு ரயிலேற வேண்டியிருந்தது.

சமவெளிக்காரர்கள் குறைத்து மதிப்பிடுவது சிறுத்தையைத்தான். நீலகிரியில் சிறுத்தைக்கு நாய் வழக்கமான இரை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி ஓரங்களில் வீட்டு வாசலிலிருந்து நாயைத் தூக்கிக்கொண்டு போகும் கேமராக் காட்சிகள் செய்தியில் வந்தபடியே இருக்கும், சில சமயம் கருஞ்சிறுத்தையும் வரும். மனிதனைக் கண்டால் ஒதுங்கிப்போகும் அதே விலங்கு நாய்க்காகப் படியேறி வராந்தா வரைக்கும் வரும். ராத்திரி வாசலில் சங்கிலியில் கட்டிய நாய், சிறுத்தைக்குப் பந்தி போட்டு இலை விரித்த மாதிரி. தோட்டத்து லயன் வீடுகளில் போய்ப் பாருங்கள், நாய் வைத்திருப்பவர்கள் பொழுது சாயும்போதே உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

எனவே விடுதியை முடிவு செய்யுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி நாய் எங்கே படுக்கும்?" 'நாய்க்கு அனுமதி உண்டு' என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் இடங்கள் பலவற்றில் அதற்குப் பொருள், பின்பக்கம் ஒரு கூண்டு இருக்கிறது என்பதுதான். அறைக்குள் உங்களோடு படுக்கலாம் என்றால் மட்டும் பணம் கட்டுங்கள். அடுத்து வேலி. சுற்றுச்சுவரோ கம்பி வேலியோ உள்ள புல்வெளி இருந்தால் உங்கள் பயணத்தில் பாதி சிக்கல் தீர்ந்தது. அங்கேயும் மாலை ஆறிலிருந்து காலை ஏழு வரை, சிறுநீர் கழிக்க வெளியே விடுவதானால்கூட விளக்கைப் போட்டு, கையில் வார் பிடித்து, இருவரில் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். நீளமாக இழுத்துக்கொண்டு போகும் சுருள் வார் வேண்டாம். ஒன்றரை மீட்டர் சாதா வார் போதும்.

காட்டெருமை கதை வேறு. அது நாயைத் தேடி வராது. தேயிலைக்குள் சும்மா மேய்ந்துகொண்டிருக்கும், ஒரு டன் எடை வரை வளரும் மாடு. உங்கள் சிப்பிப்பாறை அதைப் பார்த்தால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். வேட்டைக்கென்றே வளர்த்த இனம், முயல் ஓடினாலே பின்னால் பாயும். அவிழ்த்துவிட்டிருந்தால் குரைத்தபடி போய்ச் சீண்டும், மாடு திரும்பியதும் நேராக உங்களிடம் ஓடி வரும், மாடும் பின்னாலேயே வரும். கரடிக்கும் யானைக்கும் இதே கணக்கு. வார் போட்ட நாய் குரைத்தாலும் பரவாயில்லை, மெதுவாகத் திரும்பி வந்த வழியே நடந்துவிடலாம். தோடர்களின் எருமைகளும் அந்நிய நாயைக் கண்டால் பாயக்கூடியவை. ஊட்டி சுற்றுவட்டாரத்தில் புல்வெளியில் மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, தெரிந்தால் நாயோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். கோயில் உள்ள இடம் என்பதாலும்தான்.

குளிரூருக்கு நாயைக் கூட்டி வந்து புல்வெளியில் ஓடவிடுவது ஒன்றும் புதிய ஆசையல்ல. வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலில் வரவழைத்து, இங்கே அந்த ஊர் நரி இல்லாததால் குள்ளநரியைத் துரத்திக்கொண்டு ஊட்டியின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரையில் பறந்தார்கள். அந்தப் புல்வெளி இன்று பாதுகாக்கப்பட்ட காடு. சினிமாவில் பார்த்த பச்சை மேடு என்று நாயை அவிழ்த்துவிட்டால் அபராதச் சீட்டு கிடைக்கும்.

சரி, குளிருக்கு வருவோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். இடையில் ஐம்பது கிலோமீட்டர் சாலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, ஆக இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு டிகிரி குளிருக்குள் நாயைக் கொண்டுபோகிறீர்கள். இங்கே நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும், டிசம்பர் கடைசி, ஜனவரியில் உறைபனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்தரை எல்லாம் காலையில் வெள்ளையாக இருக்கும்போது, அரைக் கிலோமீட்டர் மேலே சரிவில் இருக்கும் வீட்டில் ஒன்றுமே இருக்காது. அறை எடுக்கும்போது ஆற்றோரம், பள்ளத்தாக்கின் அடி, ஏரிக்கரை வேண்டாம். கிழக்குப் பார்த்த சரிவில் எடுங்கள், வெயிலும் ஒரு மணி நேரம் முன்னதாக வரும். முதல் இரண்டு இரவு 1,800 மீட்டருக்குச் சற்றுக் குறைவான கோத்தகிரியிலோ, கிட்டத்தட்ட அதே உயரத்துக் குன்னூரிலோ இருந்துவிட்டு அப்புறம் ஊட்டி ஏறினால் நாய்கள் பழகிக்கொள்ளும்.

உங்கள் இரண்டு நாய்களும் குளிரில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். லாப்ரடாருக்கு இரட்டை முடி, தோலுக்கடியில் கொழுப்பு. அது உறைபனிப் புல்லில் முதுகைப் போட்டு உருளும். அதற்கு ஆபத்து தண்ணீர் மட்டும். ஓடை, ஏரி கண்டால் குதித்துவிடும், நனைந்த முடியோடு காற்றில் நின்றால் அந்தக் கொழுப்பெல்லாம் பெரிதாக உதவாது. இரண்டு பழைய பூத்துண்டு காரில் கிடக்கட்டும், நனைந்தால் உடனே தோல் வரை துவட்ட வேண்டும். சிப்பிப்பாறை நம் தென்மாவட்டத்துக் கரிசல் வெயிலுக்கு வளர்ந்த நாய். விலா எலும்பு தெரியும் உடம்பு, ஒட்ட வெட்டிய மாதிரி முடி. காலையில் புல்லில் இறக்கிவிட்டால் முன்னங்கால் ஒன்றைத் தூக்கும், அதை வைத்துவிட்டு மற்றதைத் தூக்கும், வாலை வயிற்றுக்கடியில் செருகிக்கொண்டு உங்கள் முகத்தையே பார்க்கும். உடனே உள்ளே கூட்டிப்போங்கள். அதற்கு மார்பும் வயிறும் மூடுகிற ஸ்வெட்டர் இரண்டு வேண்டும், ஒன்று நனைந்தால் மாற்ற. கழுத்தும் முதுகும் மட்டும் மூடும் அலங்காரச் சட்டையில் பயன் இல்லை.

படுக்கை விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பழைய பங்களா அறைகளின் தரை இரவில் ஐஸ் மாதிரி ஆகிவிடும், குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து அதிகம் ஏறும். கீழே மடித்த சாக்கு, அதன்மேல் ரப்பர் பாய், அதன்மேல் கம்பளி. கட்டிலில் ஏற்றிக்கொண்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. சாப்பாட்டைச் சற்றுக் கூட்டலாம், முக்கியமாகச் சிப்பிப்பாறைக்கு. ராத்திரி வெதுவெதுப்பாகக் கொடுங்கள். தண்ணீரும் அப்படியே, சில்லென்ற தண்ணீரை நாய்கள் குறைவாகத்தான் குடிக்கும். நாயின் இயல்பான உடல் சூடு 38.3 முதல் 39.2 டிகிரி வரை. நடுக்கம் விடாமல் இருந்தாலோ, நடுக்கம் நின்று நாய் மந்தமாகித் தள்ளாடினாலோ குளிர் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். துடைத்து, கம்பளியில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை மார்பருகே வைத்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் அரசு கால்நடை மருத்துவமனைகள் உண்டு. ஆனால் நள்ளிரவில் ஆள் கிடைப்பது கஷ்டம், பெரிய விஷயமென்றால் கோவைக்குத்தான் இறங்க வேண்டும். போன் எண்களை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வாருங்கள்.

காரில் தூங்குவது பற்றி. காட்டோரம் வண்டியை நிறுத்திப் படுத்தால் வனத்துறையோ போலீஸோ எழுப்பிவிடுவார்கள், அது நல்லதற்கே. அதைவிடப் பெரிய கவலை, குளிர் தாங்காமல் கண்ணாடியை ஏற்றி எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குவது. புகைபோக்கி வாயில் கொஞ்சம் அடைப்போ ஓட்டையோ இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். மணம் கிடையாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். அறைக்கும் இதே எச்சரிக்கை. கூட்டாளிகளோடு இறைச்சி சுட்ட கரி அடுப்பைக் குளிருக்கு இதமாக இருக்கட்டுமென்று அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவர்கள் மறுநாள் எழாமல்போன சம்பவங்கள் மலையூர்களில் நடந்திருக்கின்றன. கரி அடுப்பு வெளியே மட்டும். கணப்பு இருக்கும் அறையானால் புகைக்கூண்டில் காற்று இழுக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள்.

மலை ஏறும்போது வாந்திதான் முதல் தொல்லை. மதுரையிலிருந்து ஒரே மூச்சில் வராமல் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இரவு தங்கி, காலை வெளிச்சத்தில் ஏறுங்கள். ஏறுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் சிறிது கொடுக்கலாம். பின்சீட்டில் உடல்வாரைச் சீட்பெல்ட்டோடு பிணைத்து உட்கார வையுங்கள், ஜன்னலை இரண்டு விரல் திறந்தால் போதும். தலையை வெளியே நீட்டவிடாதீர்கள், வளைவில் எதிரே வரும் பஸ் உரசிக்கொண்டுதான் போகும். முன்பே கார் ஒத்துக்கொள்ளாத நாய் என்றால் டாக்டரிடம் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், மனிதருக்கானதை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். குன்னூர் வழியைவிடக் கோத்தகிரி வழியில் நெரிசல் குறைவு, நாய்க்கு அதுவே மேல். ஆனால் கூட்ட நாள்களில் ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள், அன்றைய ஏற்பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். குஞ்சப்பனை, பர்லியாறு இரண்டு இடத்திலும் யானை சாலைக்கு வரும். நடுவழியில் நாயை இறக்க வேண்டுமானால் கடைகள் இருக்கும் இடத்தில் மட்டும்.

ஓட்டுவது யாரோ அவருக்கு: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையில் கருகல் வாடை வரும். ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள். மூடுபனியில் ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள், நான்கு பக்க இண்டிகேட்டரையும் சிமிட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள், பின்னால் வருபவருக்கு நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்றே தெரியாது. இரண்டு ஆள், இரண்டு நாய் மூச்சுவிடும் காரில் கண்ணாடி உள்பக்கம் வியர்த்துக்கொண்டே இருக்கும். ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போட்டால் ஈரம் போய்விடும். காலையில் முன்கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஊர்க்காரர்கள் ராத்திரியே சாக்கோ பழைய போர்வையோ போட்டு மூடிவிடுவார்கள், மறந்தவர்கள் ஏதாவது பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிக்கொண்டு நிற்பார்கள். பேட்டரி பழசாக இருந்தால் கீழேயே மாற்றிவிட்டு வாருங்கள்.

மலைக்கடைகளில் விற்பதில் நாய்க்கு ஆகாதவை சில உண்டு. சாக்லேட்தான் முதல் எதிரி. ஊட்டியில் வாங்கிய பை பின்சீட்டில் இருக்கும், நாயும் பின்சீட்டில் இருக்கும். கோகோவில் உள்ள தியோப்ரோமின் நாய்களுக்குச் சீக்கிரம் செரிக்காது. கறுப்பு நிறம் கூடக்கூட ஆபத்து கூடும். 25 கிலோ நாய்க்கு 100 கிராம் அடர் சாக்லேட்டே வாந்தி, படபடப்பு தொடங்கப் போதும். முந்திரி, திராட்சை போட்டதென்றால் உலர்திராட்சை தனி விஷம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். லாப்ரடார் அட்டைப்பெட்டியோடு சேர்த்தே தின்னும் என்பது உங்களுக்கே தெரியும், பையை டிக்கியில் பூட்டுங்கள். அடுத்தது நீலகிரித் தைலம். நமக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் தேய்ப்போம். நாய்க்குக் குளிர்கிறதே என்று அதன் மேல் தேய்த்தால், அது நக்கி உள்ளே போய் வாந்தி, தள்ளாட்டம் வரை கொண்டுபோகும். ஊட்டி வர்க்கி பிஸ்கட் ஒரு துண்டு கொடுத்தால் ஒன்றும் ஆகாது, ஒரு பொட்டலம் கொடுத்தால் அந்தக் கொழுப்புக்கு வயிறு கெடும். கேரட், உருளைத் தோட்டங்களின் ஓரம் தேங்கியிருக்கும் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள், மருந்து அடித்த தண்ணீராக இருக்கும்.

காட்டோரத்தில் இன்னும் ஒன்று, இதைச் சுற்றுலாக் கையேட்டில் போட மாட்டார்கள். பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய். தீனிக்குள் வெடிமருந்து பொதிந்து போட்டிருப்பார்கள், கடித்தால் வாயே சிதறிவிடும். சட்டப்படி குற்றம்தான், ஆனாலும் அடிவாரக் காடுகளில் இன்னும் நடக்கிறது. புதருக்குள் மோப்பம் பிடித்துப் போய்க் கிடைத்ததைக் கவ்வும் நாயை அவிழ்த்துவிடாமலிருக்க இந்த ஒரு காரணமே போதும்.

அப்படியானால் எங்கேதான் நடப்பது? தங்கும் வீட்டுக்காரர் மூலம் அனுமதி கேட்டுத் தேயிலைத் தோட்டத்து மண்சாலைகளில், காலை எட்டரைக்கு மேல், மாலை நாலரைக்குள். கொழுந்து பறிக்கும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் பக்கமாகப் போனால் விலங்கு இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. எதிரே வருபவரிடம் "அண்ணா, இந்தப் பக்கம் மாடு நிக்குதா?" என்று கேட்டுவிட்டு நடங்கள், இங்கே மாடு என்றாலே காட்டெருமைதான். கேத்தி, கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளுக்குள், அதாவது படுகர் ஊர்களுக்குள், போகும்போது ஊர் நாய்கள் கூட்டமாக வரும், அவற்றின் எல்லை அது. ஊரைச் சுற்றிப் போய்விடுவது நல்லது. தாவரவியல் பூங்கா, படகு இல்லம் எல்லாம் நாயில்லாத இடங்கள், அவலாஞ்சியில் வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும், அங்கேயும் நாய் கிடையாது. அவற்றைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் ஒருவர் நாய்களோடு அறையில் இருக்க, மற்றவர் போய்வரலாம். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப் போகாதீர்கள். மலையானாலும் மூடிய காருக்குள் சூடு ஏறிவிடும்.

தேதி பற்றி ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முதல் பாதி வரை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் கொட்டக்கூடும். 2009 நவம்பரில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இந்தச் சரிவுகளில்தான். கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை கூட்டம். பொங்கல் விடுமுறை முடிந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் வாருங்கள். வானம் தெளிவாக இருக்கும், உறைபனியும் பார்க்கலாம். பிப்ரவரி கடைசியில் காடு காய்ந்து தீ பயம் தொடங்கிவிடும். இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. நாய்க்குத் தண்ணீர் கொண்டுவர எவர்சில்வர் கேனோ பெரிய குடமோ வையுங்கள். சிறு பிளாஸ்டிக் பாட்டில்களைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள்.

மதுரைக்காரர்களுக்குப் பழனி மலை பக்கத்திலேயே இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான், நாய்க்குப் பயண நேரம் பாதி. வத்தலக்குண்டு வழியாக ஏறி, கொடைக்கானல் டவுனில் நிற்காமல் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போய்த் தங்கலாம். ஏரிச்சாலை வேண்டாம், வாடகைக் குதிரைகள் நாயைக் கண்டு மிரளும். டவுனுக்குள்ளேயே காட்டெருமை நடமாடும், ஆகவே மேலே சொன்ன இரவு விதிகள் எல்லாம் அங்கேயும் உண்டு. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஆட்டைக் கண்டால் சிப்பிப்பாறை சும்மா இருக்காது, அந்தப் புல்வெளிப் பக்கம் காரிலேயே கடந்துவிடுங்கள். பேரிஜம் வனத்துறை அனுமதிச் சீட்டோடு போகிற இடம், நாயோடு அங்கே முயல வேண்டாம். இரண்டில் எது என்றால், வேலி போட்ட வீடுகள் அதிகம் கிடைப்பதால் நான் கோத்தகிரியைத்தான் சொல்வேன். கொடைக்கானலில் அப்படி ஒரு வீடு உங்களுக்கு அமைந்துவிட்டால் தூரத்துக்காக அதையே எடுங்கள்.

கீழே இறங்கிய அன்று ராத்திரி இரண்டு நாய்களையும் விளக்கு வெளிச்சத்தில் உட்கார வைத்து உண்ணி பாருங்கள். காது மடல், கழுத்துப் பட்டைக்கு அடி, விரலிடுக்கு, வாலடி. குளிர் காலத்தில் உண்ணி இருக்காது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், தேயிலைப் புதருக்குள்ளும் மாடு படுத்த புல்லிலும் எப்போதும் இருக்கும். கிள்ளி எடுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். புறப்படுமுன் உண்ணி மருந்து போட்டிருந்தாலும் அடுத்த மூன்று வாரம் கவனியுங்கள். சாப்பாட்டை மறுப்பது, ஈறு வெளிறுவது, சிறுநீர் காப்பி நிறத்தில் போவது இதில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோய், மலைக்குப் போய் வந்ததை முதலிலேயே சொல்லி, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.